பால் பாக்கெட் ஒழுகினால் எங்கே தேடுவது: சீல் ஜாவிலிருந்து எக்ஸ்ட்ரூடர் வரை

பாக்கெட் ஒழுகுகிறது என்று தகவல் வந்ததும் பேக்கிங் ஹாலில் முதலில் நடப்பது, சீல் டைமைக் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான். பல நேரம் அதனாலேயே ஒழுகல் கூடும். பிறகு பிலிம் சப்ளையருக்குப் போன் போகும், அவர் இயந்திரத்தைச் சொல்வார், இவர் ரோலைச் சொல்வார், நடுவில் பால் தரையில் ஓடும். ஒழுகிய பாக்கெட்டை ஒழுங்காகப் பார்த்தாலே தவறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே உள்ளவை அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்கான மூன்று அடுக்கு வெள்ளை பாலிஎதிலீன் பிலிமுக்குப் பொருந்தும்: 50 முதல் 55 மைக்ரான், 320 முதல் 330 மி.மீ. அகலம், மின்சாரத்தில் சூடாகும் நைக்ரோம் உலோகப் பட்டியால் சீல் செய்யும் செங்குத்து பேக்கிங் இயந்திரம். பிலிமை இருபுறமும் அழுத்திச் சீல் போடும் தாடைகளைத்தான் ஜா என்கிறோம். மசாலா, சிப்ஸ் போன்றவற்றுக்கான லேமினேட் பிலிமுக்கு வேறு கணக்கு.

எதையும் தொடுவதற்கு முன்

ஒழுகிய பாக்கெட் இருபதை எடுங்கள். இயந்திரத்தின் எந்தத் தலையில் (நிரப்பிச் சீல் போடும் வரிசையில்) அடைத்தது, எந்த ரோல் ஓடியபோது அடைத்தது என்று எழுதி வையுங்கள். வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, காய்ந்த செய்தித்தாளின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் எங்கே பூக்கிறதோ அங்கே மார்க்கரால் வட்டமிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையை வெட்டிப் பாலை ஊற்றிவிட்டு, மெத்திலீன் நீலம் கரைத்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து உள்ளே விட்டு ஐந்து நிமிடம் தொங்கவிடுங்கள். வெள்ளை பிலிமில் நீலம் ஊர்ந்து வரும் வழி கண்ணுக்கே தெரியும்.

இருபதும் ஒரே தலையிலிருந்து வந்திருந்தால் இயந்திரத்தைப் பாருங்கள். இரண்டு தலையிலும் ஒரே ரோல் தொகுதி மாறிய பிறகு தொடங்கியிருந்தால் பிலிமைப் பாருங்கள். இரண்டும் கலந்து குழப்பமாக இருந்தால் ரோல்களைத் தலை மாற்றி மாட்டுங்கள். ஒழுகல் ரோலோடு சேர்ந்து போகிறதா, தலையிலேயே நிற்கிறதா? பதினைந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, அரை நாள் வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

குறுக்கு சீல் உரித்தால் சுத்தமாகப் பிரிந்து வருகிறது

இரண்டு பக்கத்தையும் விரலால் பிடித்து இழுத்தால் கிழியாமல், ஸ்டிக்கர் உரிவதுபோல் வருகிறது என்றால் சூடு போதவில்லை, அழுத்தம் போதவில்லை, அல்லது இடையில் ஏதோ இருக்கிறது. டைமைக் கூட்டுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டெஃப்லான் துணி. நைக்ரோம் பட்டியின் மேல் இருக்கும் இந்தத் துணி பழுப்பேறி, அதில் கருகிய பாலிஎதிலீன் ஏடு படிந்திருந்தால் சூடு பிலிமுக்கு முழுதாகப் போகாது. கிழியும்வரை காத்திருக்காமல், பழுப்பேறியதுமே மாற்ற வேண்டிய பொருள் அது.

அடுத்து எதிர்ப்பக்க சிலிக்கான் ரப்பர். நாளாக ஆக நடுவில் பள்ளம் விழும். இதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தை நிறுத்தி, சூட்டை அணைத்து, வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் சேர்த்து ஜாவுக்கு நடுவில் வைத்து ஒருமுறை மூடுங்கள். கோடு முழு அகலத்துக்கும் ஒரே கருமையாக விழ வேண்டும். நடுவில் வெளிறினால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெலிந்துகொண்டே போனால் ஜா இணையாக இல்லை. அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒப்பிட உதவும்.

மூன்றாவது மின்னழுத்தம். இந்த இயந்திரங்களில் பலவற்றில் நாம் அமைப்பது வெப்பநிலையை அல்ல. பட்டியில் மின்சாரம் எத்தனை நேரம் பாய்கிறது என்பதை மட்டும்தான். பட்டி தரும் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 210 ஆக இறங்கினால் சூடு சுமார் 17 சதவீதம் குறையும். சில்லர் கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது, நின்றதும் சரியாகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்டெபிலைசர் போடாமல் டைமைத் திருகிக்கொண்டே இருந்தால், வோல்ட் ஏறும் நேரத்தில் சீல் கருகும்.

நான்காவது பால். சீல் வாயில் பால் துளியோ நுரையோ மாட்டினால், 4, 5 டிகிரி குளிர்ப் பால் அந்த இடத்துச் சூட்டை உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் சீலுக்கு நடுவே வாய்க்கால் போல ஒரு கோடு தெரியும். நிரப்பும் நேரத்துக்கும் ஜா மூடும் நேரத்துக்கும் இடைவெளி போதுமா, நிரப்புக் குழாயின் முனை சொட்டுகிறதா, மேல் தொட்டியில் பால் மட்டம் இறங்கிக் காற்று கலந்து நுரைக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உரிகிறதென்றால் பிலிமின் உள் அடுக்குக்கு வருவோம். இங்கே அதிகம் பேர் ஏமாறும் ஒன்று உண்டு. மைக்ரோமீட்டரில் 55 மைக்ரான் சரியாக வரும். ஆனாலும் சீல் நிற்காது. மூன்று அடுக்கு பிலிமில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எக்ஸ்ட்ரூடர், அதாவது பிசினை (பிளாஸ்டிக் மணிகளை) உருக்கித் தள்ளும் இயந்திரம். 1:2:1 விகிதத்தில் ஓட்டினால் உள் அடுக்கு சுமார் 14 மைக்ரான் இருக்க வேண்டும். உள் அடுக்கு எக்ஸ்ட்ரூடரின் வடிகட்டி வலை அடைத்து அதன் உற்பத்தி குறைந்துபோக, மொத்தத் தடிமனைச் சரிக்கட்ட மற்ற இரண்டையும் கூட்டியிருந்தால், மைக்ரோமீட்டர் அதைக் காட்டாது. சீல் பிடிக்கும் மெட்டலோசின் எல்எல்டிபிஇ (குறைந்த சூட்டிலேயே ஒட்டும் பாலிஎதிலீன் வகை) இருப்பது அந்த மெல்லிய உள் அடுக்கில்தான். 0.912 அடர்த்தி கொண்ட கிரேடு 95 முதல் 100 டிகிரியிலேயே ஒட்டத் தொடங்கும். நடு அடுக்கில் உள்ள சாதாரண எல்எல்டிபிஇ உருக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே பிலிம் ஆலையிடம் கேட்க வேண்டியது மொத்த மைக்ரான் அல்ல. அந்த ரோல் ஓடியபோது மூன்று எக்ஸ்ட்ரூடரும் தனித்தனியே மணிக்கு எத்தனை கிலோ தந்தன என்ற கணக்கு.

சீல் பிரியவில்லை, அதன் ஓரத்திலேயே கிழிகிறது

இது நேரெதிரான தவறு. சூடு அதிகமாகி, சீலுக்கும் பிலிமுக்கும் இடையிலான விளிம்பு மெலிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் சீலை ஒட்டிக் கண்ணாடி போல ஒரு கோடு தெரியும். டப்பில் (பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையில்) பாக்கெட்டைப் போடும்போது அந்தக் கோட்டில் பிளக்கும். டைமைக் குறையுங்கள். குறைத்ததும் உரியத் தொடங்கினால், தேவையான சூடு பட்டியில் எல்லா இடத்திலும் சமமாக இல்லை என்று பொருள்.

நைக்ரோம் பட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்த இடத்தில் பட்டி மெலிந்திருக்கும்; மெலிந்த இடம் கூடுதலாகச் சிவக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் ஓட்டை வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். பட்டி சூடானதும் நீளும். அதை இழுத்துப் பிடிக்கும் முனை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பட்டி வளைந்து பிலிமை அறுக்கும்.

சீல் சரியாக விழுந்து, ஜா திறக்கும்போது இழுபட்டு நூல் விட்டால், ஆறவில்லை. ஜாவுக்குள் ஓடும் குளிர்நீரின் வெளிக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். உப்பு படிந்து அடைத்திருக்கும். கடின நீர் உள்ள ஊர்களில் இது வழக்கமான தொல்லை. சூட்டைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

மூலையில், செங்குத்து சீலும் குறுக்கு சீலும் சேரும் இடத்தில்

அங்கே பிலிம் மூன்று படி இருக்கிறது. மற்ற இடங்களில் இரண்டு. அதாவது 165 மைக்ரானிலிருந்து 110 மைக்ரானுக்கு ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் நுண்ணிய வாய்க்கால் விடுபடும். உருகிய பாலிஎதிலீன் வழிந்து அதை நிரப்ப வேண்டும். இதற்குச் சூட்டைவிட அழுத்தமும், சீராக மூடும் ரப்பரும்தான் முக்கியம். மென்மையான சிலிக்கான் ரப்பர் படிக்கட்டை மூடிக்கொள்ளும். சூடும் வயதும் ஏறி இறுகிய ரப்பர் மூடாது. செங்குத்து சீலில் பிலிமின் ஒரு ஓரம் மறு ஓரத்தின் மேல் ஏறும் பட்டையான மேற்பொருத்தின் அகலம் கூடிக் குறைந்து அலைந்தால் இந்த இடம் தினமும் மாறும். எனவே அடுத்த பகுதியையும் படிக்கவும்.

செங்குத்து சீல் நீளவாக்கில் திறக்கிறது

330 மி.மீ. பிலிமைக் குழாயாக மடித்து 10 மி.மீ. மேற்பொருத்தினால் பாக்கெட்டின் தட்டை அகலம் 160 மி.மீ. வரும். பிலிம் 3 மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கினாலே பிடிப்பு 7 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஆகவே முதலில் ஸ்கேல் வைத்து ரோலின் அகலத்தைப் பத்து இடத்தில் அளந்து பாருங்கள். அகலம் சரி, பிலிம் அலைகிறது என்றால் ரோலைத் தாங்கும் தண்டு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரோலின் ஒரு ஓரம் தளர்ந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

மேற்பொருத்து சீலில் பிலிமின் உள்பக்கம் வெளிப்பக்கத்தோடு ஒட்டுகிறது. வெளிப்பக்கம் மை பிடிப்பதற்காகக் கொரோனா ட்ரீட்மென்ட் (பரப்பில் மின்பொறி பாய்ச்சுவது) செய்யப்பட்டது. ட்ரீட் ஆன பரப்பு ஒட்ட அதிகச் சூடு கேட்கும். அந்தப் பட்டையில் மையும் இருந்தால் சீல் மையோடுதான் ஒட்டும், பிலிமோடு அல்ல. உரித்துப் பாருங்கள்: எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டி வந்தால் டிசைன் ஓரம் தள்ளிப்போயிருக்கிறது. அச்சு சிலிண்டரிலேயே 10 முதல் 12 மி.மீ. வெற்றுப் பட்டை விட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கள்ளத்தனமான தவறு, உள்பக்கமும் ட்ரீட் ஆகியிருப்பது. ட்ரீட்டர் ரோலருக்கும் பிலிமுக்கும் இடையே காற்று மாட்டினால் அந்தக் காற்றிலும் மின்பொறி பிறந்து அடிப்பக்கத்தைத் திட்டுத்திட்டாகத் தாக்கும். 38 டைன் திரவத்தை (பரப்பு எவ்வளவு ட்ரீட் ஆகியிருக்கிறது என்று காட்டும் சோதனைத் திரவம்) உள்பக்கத்தில் பஞ்சால் தேயுங்கள். சொட்டுச்சொட்டாகச் சுருண்டால் நல்லது. எங்காவது பரவி நின்றால் அந்த இடம் ட்ரீட் ஆகியிருக்கிறது. சீல் அங்கே நழுவும், ரோலில் படியோடு படி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ட்ரீட்டரின் நிப் ரோலர் அழுத்தத்தையும் பிலிமில் சுருக்கம் இருக்கிறதா என்பதையும் பிலிம் ஆலை சரிபார்க்க வேண்டும்.

சீல் நன்றாக இருக்கிறது, பாக்கெட்டின் உடலில் ஊசிமுனை ஓட்டை

டப்பின் உள் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த டப் ஒன்று வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தால் ஓட்டை வெவ்வேறு இடத்தில் வரும், ஆனால் கீறலாக நீளும். வட்டமான ஓட்டை, நடுவில் ஒரு சிறு கட்டி என்றால் பிலிமில் ஜெல் இருக்கிறது. ஆலைக்காரர்கள் மீன் கண் என்பார்கள்.

ஜெல் எல்லாம் ஒன்றல்ல; வகை தெரியாமல் தீர்வு கிடையாது. ரோலின் அந்த இடத்தைச் சிறு சதுரமாக வெட்டி, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து, 140 டிகிரி சூட்டுத் தட்டில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கட்டி உருகிக் காணாமல் போனால் அது சரியாகக் கலக்காத பிசின். எக்ஸ்ட்ரூடரின் பேரல் (ஸ்க்ரூ சுழலும் உருளை) முன் மண்டலங்களின் சூடு குறைவு, ஸ்க்ரூ வேகம் அதிகம், அல்லது மாஸ்டர்பேட்சின் (நிறமோ மருந்தோ செறிவாகக் கலந்த மணிகளின்) அடிப்படைப் பிசின் பொருந்தவில்லை. உருகாமல் ஜவ்வாக நின்று, புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் அது ஆக்சிஜன் பட்டுக் கெட்ட பிசின்; பழுப்பு நிறமாக இருந்தால் விளக்கே வேண்டாம். உருகாத நாராக இருந்தால் தட்டை 170 டிகிரிக்கு ஏற்றுங்கள். அப்போது உருகினால் பாலிப்ரொப்பிலீன் நூல். பிசின் மூட்டை நெய்த சாக்காக இருந்தால், கத்தியால் பிரிக்கும்போது நூல் ஹாப்பரில் (பிசின் கொட்டும் தொட்டியில்) விழுகிறது. தையலை இழுத்துப் பிரிக்கவும், ஹாப்பர் மேல் வலை போடவும் சொன்னால் தீர்ந்தது.

ஆக்சிஜன் பட்ட ஜெல்தான் நம் ஊர் ஆலைகளில் அதிகம் வருவது. காரணம் மின்வெட்டு. ஸ்க்ரூ நின்று, பேரல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தால் உள்ளே இருக்கும் எல்எல்டிபிஇ குறுக்குப் பிணைப்பு ஆகி உருகாத கட்டியாக மாறும். அடுத்த சில மணி நேரம் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து பிலிமில் வரும். மின்சாரம் வந்ததும் உடனே ரோல் சுற்றாமல், குறைந்த உருகுபாய்வு கொண்ட (உருகியும் கெட்டியாக ஓடும்) எல்டிபிஇ வகைப் பாலிஎதிலீனில் ஆன்டி ஆக்சிடன்ட் மாஸ்டர்பேட்ச் கலந்து ஓட்டித் துப்புரவாக்க வேண்டும். திட்டமிட்டு நிறுத்தும்போது எல்டிபிஇக்கு மாறி, மண்டலங்களை 160 டிகிரிக்கு இறக்கி, ஸ்க்ரூவைக் காலி செய்யாமல் பிசின் நிரம்பிய நிலையிலேயே நிறுத்துங்கள். காலி செய்தால் காற்று உள்ளே போகும்.

உருகிய பிசினை வடிகட்டும் வலைப் பொட்டலத்தின் (40/80/120/80/40 மெஷ் அடுக்கு) நிலையை அறிய அழுத்தமானி போதும். தலை அழுத்தம் நிதானமாக ஏறிக்கொண்டு வந்தால் வலை அடைக்கிறது. சட்டென்று இறங்கினால் வலை கிழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ரோலைப் பிரித்து வையுங்கள்.

கட்டியே இல்லாமல், ஓட்டத்தின் திசையில் அம்புமுனை போல நீண்ட குமிழோ கண் வடிவத் துளையோ தெரிந்தால் அது ஈரம். டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த வெள்ளை மாஸ்டர்பேட்ச் மழைக்காலத்தில் ஈரம் பிடிக்கும். 70 முதல் 80 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்திப் போடுங்கள். வெள்ளையைப் பாதியாகக் குறைத்துச் சமாளிப்பது நல்ல யோசனை அல்ல: வெளிச்சம் பட்டால் பாலில் உள்ள ரைபோஃப்ளேவின் வினைபுரிந்து வாடை மாறும், கடை வாசலில் குழல்விளக்கின் கீழ் நிற்கும் பாக்கெட்டில் அது தெரியும்.

பாக்கெட் நீளம் கூடிக் குறைகிறது, அச்சு நகர்கிறது

அச்சுக் குறியைப் பார்க்கும் மின்கண்ணின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உராய்வைப் பாருங்கள். கருவி இல்லாவிட்டால் ஒரு பலகையின் மேல் பிலிமை ஒட்டி, அடியில் பிலிம் சுற்றிய சிறு எடைக்கட்டையை வைத்து, பலகையை மெல்லச் சாய்த்து எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று பார்க்கலாம். 11 டிகிரி என்றால் உராய்வு எண் சுமார் 0.2, 17 டிகிரி என்றால் 0.3. பால் இயந்திரத்துக்கு 0.2 ஒட்டி இருந்தால் சுகம். 0.3 ஆனால் பிலிம் கழுத்துப் பகுதியில் பிடித்து இழுபட்டு நீளும்.

பிலிமை வழுக்க வைக்கும் ஸ்லிப் பொருளான எருகாமைடு பிலிமின் மேற்பரப்புக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். நேற்று ஊதிய ரோலை இன்று ஓட்டிவிட்டு ஸ்லிப் போதவில்லை என்று புகார் சொல்வது சரியல்ல. மறுபக்கம், ஸ்லிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் மை உதிரும், ரோல் குழாய்போல் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வரும், சீலும் பலவீனப்படும்.

மை உதிர்கிறது

செல்லோடேப் ஒட்டி வேகமாக இழுத்தால் மை வந்துவிடுகிறது என்றால் டைன் பார்க்க வேண்டும். ட்ரீட் ஆகாத பாலிஎதிலீன் 31 டைன் அளவில் இருக்கும். அச்சுக்கு 38 முதல் 40 வேண்டும். ஊதும்போது 40 இருந்தது, இரண்டு மாதம் கிடங்கில் இருந்து 36 ஆகிவிட்டது என்பது சகஜம், ஏனென்றால் ஸ்லிப் மேலே வந்து மூடிவிடுகிறது. அச்சு இயந்திரத்திலேயே லேசாக மறு ட்ரீட் செய்யலாம். 44க்கு மேல் போக வேண்டாம், படிகள் ஒட்டிக்கொள்ளும்.

ஊதும் கோபுரத்தில்

உருகிய பிசினை டை என்ற வட்ட அச்சின் இடைவெளி வழியே தள்ளி, காற்றால் குமிழாக ஊதித்தான் இந்தப் பிலிம் உருவாகிறது. மேற்பரப்பு மணல்தாள் போலச் சொரசொரப்பாக, ஒளி மங்கி வந்தால் உருகுமுறிவு. எல்எல்டிபிஇ அதிகம் போட்டு, எல்டிபிஇக்காகச் செய்த 0.8 முதல் 1 மி.மீ. டை இடைவெளியில் வேகமாகத் தள்ளுகிறீர்கள். எல்எல்டிபிஇக்கு 1.5 மி.மீ.க்கு மேல் தேவை. டை மாற்ற முடியாத இடத்தில் டை உதட்டின் சூட்டை 10 டிகிரி ஏற்றி, ஃப்ளூரோபாலிமர் பிராசசிங் எய்டு சேர்க்கலாம். அது டையின் சுவரில் ஏடாகப் படிய அரை மணி முதல் ஒரு மணி ஆகும். பத்து நிமிடத்தில் பலனில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். வெள்ளைப் பிக்மென்ட்டும், படிகள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ஆன்டிபிளாக் துகளும் அந்தப் பொருளை இழுத்துக்கொள்ளும் என்பதால் வெளி அடுக்கில் அவை குறைவாக இருப்பது நல்லது.

குமிழ் ஆடினால் உருகு சூடு அதிகம் அல்லது உருகு வலு குறைவு. கலவையில் எல்டிபிஇயை 20, 30 சதவீதம் வைத்திருப்பதே அதற்காகத்தான். பக்கத்து ஜன்னலையும் சுவர் விசிறியையும் மூடிவிட்டுப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும்.

தடிமன் மாறினால் அது சுற்றுவாக்கிலா நீளவாக்கிலா என்று முதலில் பிரியுங்கள். குமிழின் முழுச் சுற்றையும் ஒரு பட்டையாக வெட்டி 24 துண்டாக்கி எடை பாருங்கள். 10 செ.மீ. சதுரம், 50 மைக்ரான், 0.92 அடர்த்தி என்றால் 0.46 கிராம். ஒரு பக்கம் தொடர்ந்து கனமாக இருந்தால் டை மையம் விலகியிருக்கிறது, அல்லது குமிழைக் குளிர்விக்கும் ஏர் ரிங் ஒரு பக்கம் அடைபட்டிருக்கிறது. சுற்றில் சீராக இருந்து மீட்டருக்கு மீட்டர் மாறினால் எக்ஸ்ட்ரூடர் மூச்சு வாங்குகிறது: ஹாப்பர் தொண்டைக் குளிர்நீர், பிசின் கட்டிக்கொள்வது, ஸ்க்ரூ தேய்மானம் என்று போங்கள். ஆம்பியர் முள் தடிமனோடு சேர்ந்து ஆடும்.

ஊதல் விகிதம் பார்க்க, குழாயின் தட்டை அகலத்தை 0.637ஆல் பெருக்கி டையின் விட்டத்தால் வகுங்கள். 200 மி.மீ. டையில் 670 மி.மீ. அகலம் ஊதினால் 2.13. இது 2க்குக் கீழே இறங்கினால் பிலிம் நீளவாக்கில் எளிதாகக் கிழியும். டப்பில் விழுந்த பாக்கெட் நேர்கோடாகப் பிளந்தால் இந்த எண்ணைக் கேளுங்கள்.

குமிழைத் தட்டையாக்கும் நிப் உருளைகளுக்குப் போகும்போதே பிலிம் சூடாக இருந்தால் குழாயின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது. கோடை மதியத்தில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் ஏர் ரிங்குக்குக் குளிர்ந்த காற்றுக் கொடுங்கள், இல்லையேல் அந்த ஷிஃப்டில் வேகத்தைக் குறையுங்கள். ஆன்டிபிளாக்கைக் கூட்டிச் சரிசெய்தால் இரவு ஷிஃப்டில் பிலிம் தேவையில்லாமல் மங்கி வரும்.